பலகையில் மூன்று எழுத்து

‘ஃபிளெக்ஸிபிள்’ என்ற சொல்லை இன்னும் ஒரு தடவை கேட்டால் எழுந்து போய்விடுவது என்று, போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன். தேநீர் இன்னும் வரவில்லை, அதனால் போகவில்லை. திரையில் ஒரு கோடு காட்டினீர்கள். மேகம் வந்தால் சூரிய மின்சாரம் சரிகிறது. சரிந்த இடத்தைப் பழைய மின்நிலையம் ஓடிவந்து நிரப்ப வேண்டும். வெயில் திரும்பினால் அது மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஏறவும் இறங்கவும் பழைய இயந்திரங்களைப் பழக்குவது எப்படி என்பதுதான் பாடம். நல்ல பாடம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது ஏதோ நேற்று முளைத்த தலைவலி போல நீங்கள் பேசியதும், கேள்வி நேரத்தில் ஒருவர்கூட ஆட்களைப் பற்றி வாய் திறக்காததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் கத்த முடியாது. அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

எழுபதுகளில் நான் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் குடியிருந்துகொண்டு, ஜெராய் மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சார்ஜ்மேனாக இருந்தேன். மின்சாரம் போகிற வழிக்கெல்லாம் பொறுப்பாளி என்று பொருள். எது நின்றாலும் முதல் திட்டு வாங்குகிறவன் என்பது நடைமுறை. ஊர் மின்சாரம் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. சொந்த பவர் ஹவுஸ், அதில் ஒரு பெரிய டீசல் இஞ்சின். அதை ஓட்டியவர் அந்தோணி அண்ணன். என்னைவிட மூத்தவர், மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். கோபம் வந்தால் மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள், இவர் பேச்சையே நிறுத்திவிடுவார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறிய காலம் அது. எங்கள் கம்பெனிக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, மலையோடைப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய தண்ணீர் டர்பைன். அதைக் கழுவிப் பூசி ஓடவிட்டார்கள். மழை பெய்தால் பாக்டரியையும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் அது ஒன்றே தாங்கும். மழை நின்றால் தள்ளாடும். ஆக, உங்களுக்கு இன்று சூரியன் எப்படியோ எங்களுக்கு அன்று அந்த ஓடை அப்படி. டீசல் இஞ்சின் ஓடையின் மனம் அறிந்து நடந்துகொள்ள வேண்டும். அதுவோ காலையில் கிளப்பினால் இரவு வரை ஒரே சீராக ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. நின்று நின்று ஓடச் சொன்னால் முறைத்துக்கொள்ளும்.

தோட்டத்து மேனேஜரைப் பெரிய தொரை என்போம். வெள்ளைக்காரர், மூட்டை கட்டி ஊருக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தவர். அவருக்கு அடுத்தவர் சின்னத் தொரை. இவர் நம் ஆள், தமிழர். அலோர் ஸ்டாரில் மெர்கோங் பக்கம் வீடு, அப்பா அரசாங்கத்தில் கணக்கெழுதும் கிராணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்து ஆட்களிடம் தமிழில் பேசினால் தொரைத்தனம் கரைந்துபோகும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் இங்கிலீஷ், மலாய்க்காரர்களிடம் மலாய். தமிழ் அவர் அம்மாவோடு சரி.

அவர் போட்ட முதல் உத்தரவு, இரண்டையும் ஓட்டு என்பது. பெரும்பங்கு பளுவை டர்பைன் சுமக்கட்டும், இஞ்சின் பக்கத்தில் சும்மா சுற்றிக்கொண்டு தயாராக இருக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“தொரை, இது சும்மா சுத்துனா கரி புடிக்கும். பாதிப் பளுவாச்சும் குடுக்கணும்” என்றார் அந்தோணி அண்ணன்.

“ஜஸ்ட் கீப் இட் ரன்னிங், அந்தோணி.”

சுற்றியது. பளு இல்லாமல் எண்ணெய் சரியாக எரியாது. எரியாத கரியெல்லாம் புகைக்குழாயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு சனிக்கிழமை ஓடை வற்றி, இஞ்சின்மேல் முழுப் பளுவும் விழுந்தது. அடைத்திருந்த கரி முழுவதையும் அது மூச்சு விட்டு வெளியே தள்ளியது. கீழே லயங்களில் துணி காய்கிற நேரம். கொஞ்ச நேரத்தில் பவர் ஹவுஸ் வாசலில் பெண்கள் கூட்டம். முன்னால் நின்றவர் அந்தோணி அண்ணனின் மனைவி ரோசம்மா அக்கா, கையில் வெள்ளைச் சட்டையோடு.

“தம்பி, இதப் பாரு. நாளைக்குப் பூசைக்குப் போட்டுக்கிட்டுப் போற சட்ட. ஒங்க இஞ்சினு எச்சி துப்பி வெச்சிருக்கு.”

“நான் என்னக்கா செய்வேன், தொரை சொன்னாரு.”

“தொரையையே தொவைக்கச் சொல்லு, லா.”

சின்னத் தொரை வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார், அசரவில்லை. பிறகு பக்கத்தில் நிறுத்தியிருந்த தன் வெள்ளைக் காரைப் பார்த்தார். அதுவும் புள்ளி புள்ளியாக இருந்தது. அப்போதுதான் கரி என்றால் என்ன என்று அவருக்கு விளங்கியது.

விளங்கினால் போதுமா? ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். இனிமேல் டர்பைன் ஓடும்போது இஞ்சின் அறவே நிற்க வேண்டும். தன் உத்தரவு இல்லாமல் யாரும் கிளப்பக் கூடாது. எண்ணெய் மிச்சம் பிடித்ததாக மேலே அறிக்கை போகும் அல்லவா. குளிர்ந்து கிடக்கும் இஞ்சினைக் கிளப்பி உடனே பளு ஏற்ற முடியாது, பிஸ்டன் சூட்டில் சட்டென்று விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், முதலில் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும் என்று நானும் சொன்னேன், அந்தோணி அண்ணனும் சொன்னார். “யூ வில் ஹாவ் வார்னிங்” என்றார் சின்னத் தொரை.

அந்த முன்னறிவிப்பு எங்கிருந்து வரும் என்றால், மேலே ஓடையைத் திருப்பிவிடும் சிறு அணையிலிருந்து. அங்கே பாக் டின் என்ற மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். தண்ணீர் புகும் இரும்புச் சட்டத்தில் அடைக்கும் இலைகளை வாருவதும், மட்டம் இறங்கினால் கைப்பிடியைச் சுற்றி பவர் ஹவுஸுக்குப் போன் அடிப்பதும் அவர் வேலை. அவர் கண்ணில் மட்டம் இறங்குவதற்கும் கீழே டர்பைன் தள்ளாடுவதற்கும் நடுவே அரை மணி நேரம் கிடைக்கும். இஞ்சினைச் சூடாக்கிப் பளு ஏற்ற அந்தோணி அண்ணனுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் வேண்டும். தம்பி தங்கைகளே, எங்கள் தோட்டத்தின் மொத்த ஃபிளெக்ஸிபிலிட்டியும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் இருந்தது. இஞ்சினில் இல்லை.

போனுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. போனை எடுப்பவர் சேதியை அதில் எழுத வேண்டும். எழுதியதற்கான வேலையைச் செய்து முடித்தவர் அழிக்க வேண்டும். பலகை காலியாக இருந்தால் பாக்கி வேலை இல்லை. இது நாங்களே வைத்துக்கொண்ட பழக்கம்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம். மழை நின்றுவிட்டது. மரங்கள் இன்னும் இலை உதிர்க்கத் தொடங்கவில்லை, அதனால் ரப்பர் பால் குறையவில்லை. ஓடை வற்றுகிற, பால் பெருகுகிற அந்தக் கொஞ்ச நாள்தான் எங்களுக்கு ஆபத்தான காலம். நடுப்பகலில் லோரிகள் பாலைக் கொண்டுவந்து ஊற்றின. நான் பாக்டரியில் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி அண்ணன் கீழே டர்பைனுக்கு எண்ணெய் போடப் போயிருந்தார். பவர் ஹவுஸுக்குள் இருந்தவர் சின்னத் தொரை மட்டும். போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், பலகையில் இரண்டு சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதினார், பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தோணி அண்ணன் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தில் ஏ, ஐ, ஆர். பக்கத்தில் லோ. ஏர் லோ. காற்றுக் குறைவு.

அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு பெரிய இஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. அழுத்தி அடைத்த காற்றை உள்ளே விட்டுத்தான் அதை உதைத்து எழுப்ப வேண்டும். அந்தக் காற்றுக்கென்று ஓர் இரும்புப் பாட்டில் உண்டு. போய்ப் பார்த்தார். முள் எப்போதும் போலக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. தொரை கவனித்து எழுதியிருக்கிறாரே என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டு கம்பிரசரைப் போட்டுக் காற்றை நிரப்பினார். பலகையை அழித்தார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் அப்படிக் கழிந்தது. கம்பிரசரும் டர்பைனின் மின்சாரத்தைத்தான் தின்றது.

பாக்டரியில் ரோலர்கள் முனக ஆரம்பித்தன. விளக்கு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. நான் போட்டதைப் போட்டபடி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தோணி அண்ணன் இஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார், அது வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே சின்னத் தொரையின் கார்.

“புட் த லோட்.”

“சூடாகட்டும் தொரை.”

“பால் கெட்டுப் போகுது மேன், புட் த லோட் நவ்.” பதற்றத்தில் அவர் வாயிலிருந்து தமிழே வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பாக்டரியில் பாலை உறையவைக்கத் தொட்டிகளில் ஆசிட் ஊற்றியாகிவிட்டது. உறைந்த பாலை உரிய நேரத்தில் ரோலரில் விடாவிட்டால் அது கட்டையாகிப் போகும். அதைச் சொல்லி அவர் கத்தினார். அந்தோணி அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். இஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். பளு ஏற்றும் சுவிட்ச் என் கையில் இருந்தது. தொரை என்னைப் பார்த்து உத்தரவு போட்டார். நான் அந்தோணி அண்ணன் எப்போது தலையசைப்பார் என்று மட்டும் பார்த்தேன். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும், அதனால் சொல்கிறேன். ஒரு நாள் பால் போனால் மறுநாள் பால் வரும். சிலிண்டர் போனால் கப்பலில்தான் வர வேண்டும். கத்துகிறவர் எவ்வளவு பெரியவர் என்பது இரும்புக்குத் தெரியாது.

சூடு ஏறியதும் அந்தோணி அண்ணன் தலையசைத்தார், நான் சுவிட்சைப் போட்டேன். இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பளுவை ஏற்றுக்கொண்டது. தொட்டிகளில் பால் அதற்குள் கட்டையாகியிருந்தது.

அந்தோணி அண்ணன்மேல் விசாரணை வைத்தார்கள். குற்றம் இரண்டு. எழுதி வைத்த எச்சரிக்கையைப் புறக்கணித்தது ஒன்று, உத்தரவை மீறியது இன்னொன்று. இரண்டாவதில் நான் அவர் பக்கம் சாட்சி சொன்னேன், அந்தக் குற்றத்தைப் பெரிய தொரை தள்ளுபடி செய்தார். முதலாவதற்கு வந்தார்.

“பலகையில் இருந்த எச்சரிக்கையைப் படித்தாயா?”

“படிச்சேன் தொரை.”

“புரிந்ததா?”

“புரிஞ்சிச்சு.”

“நீதானே அழித்தாய்?”

“நான்தான்.”

“பிறகு ஏன் இஞ்சினைக் கிளப்பவில்லை?”

“எனக்கு ஆர்டர் வரல தொரை.”

அந்த எச்சரிக்கைதான் ஆர்டர் என்றார் பெரிய தொரை. முடிந்தது. பலகையில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு மனிதர் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான் அந்த அறையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். மாதக் கடைசியில் வேலையும் வீடும் காலி என்று தீர்ப்பாயிற்று.

வீடு என்று சொன்னதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் மறுநாள் கூரை இல்லை. அந்தோணி அண்ணனிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இங்கேயே பிறந்தவர்தான், பிறந்ததற்குக் காகிதம் இல்லை. சிவப்பு அட்டைக்காரர் வேலை பார்க்கப் பர்மிட் வேண்டும், அந்தப் பர்மிட் இந்தத் தோட்டத்து வேலைக்கு வாங்கியது. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேறியவருக்கு அடுத்த தோட்டம் எதுவும் பர்மிட் எடுத்துக் கொடுக்காது.

வெளியே வந்ததும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

“போர்டுலதான் போட்டிருந்துச்சே. ஏண்ணே செய்யல?”

“போட்டிருந்ததச் செஞ்சேன் தம்பி.”

“என்னத்தச் செஞ்சீங்க?”

“ஏரு அடிச்சேன். ஏரு கொறைச்சல்னுதான போட்டிருந்தாரு.”

எனக்குத் தலை சுற்றியது. நேரே சின்னத் தொரையிடம் போனேன். பலகையில் என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன். பேசவே பிடிக்காமல், மேசையில் கிடந்த தாளில் பென்சிலால் எழுதி என் பக்கம் தள்ளினார். ஏ, ஐ, ஆர், லோ. இவரும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே எழுத்தைச் சொல்கிறார்கள், ஒருவர் சரி, ஒருவர் குற்றவாளி. இதென்ன கூத்து. அப்போதுதான் ஒன்று உறைத்தது. மலைமேல் ஓடையோரம் இருக்கும் பாக் டினுக்கு எங்கள் காற்றுப் பாட்டிலைப் பற்றி எப்படித் தெரியும்?

தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அணையில் பாக் டின் இலை வாரிக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பற்றியா போனில் சொன்னீர்கள் என்று மலாயில் கேட்டேன்.

“போத்தோல் அப்பா?” என்ன பாட்டில் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். “ஆயாக் குராங் டா. இத்து சாஜா.” தண்ணீர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் சொன்னேன் என்றார்.

தாளைக் காட்டினேன். மூன்று எழுத்தின் கீழும் விரலை ஓட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி வாசித்தார். “ஆ... யெர். பெதுல் லா. ஆயாக்.” சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் திருப்தி.

நான் அணைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீருக்கு மலாயில் ஆயெர். இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் ஏ, ஐ, ஆர். இங்கிலீஷ்காரன் படித்தால் ஏர், காற்று. கெடாவில் இருக்கும் நாங்கள் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கெடாவில் ஒருவர்கூட வாயால் ஆயெர் என்று சொல்வதில்லை, ஆயாக் என்றுதான் சொல்வோம். பாக் டின் ஆயாக் என்று சொல்லியிருக்கிறார். சின்னத் தொரை அதைப் புத்தக மலாயில் திருத்தி எழுதியிருக்கிறார். குராங் என்று எழுதச் சோம்பல்பட்டோ பசி வந்தோ, லோ என்று இங்கிலீஷில் முடித்திருக்கிறார். எழுதியது இரண்டே சொல். அதில் ஒன்று ஒரு பாஷை, மற்றது இன்னொரு பாஷை. இதற்காக ஒரு குடும்பம் தெருவில் நிற்கப் போகிறது. எனக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் திட்டித் தீர்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் பாக் டின் சிரித்தார். இஞ்சின் காற்றைக் குடிக்குமா என்று கேட்டார். அது காற்றைக் குடித்துத்தான் எழும்புகிறது என்று விளக்கும் பொறுமை எனக்கு இல்லை.

மறுநாள் காலை பெரிய தொரையின் மேசைமேல் அந்தத் தாளை வைத்தேன். இரண்டு பேரையும் கூப்பிட்டு வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“ஆயெர் லோ” என்றார் சின்னத் தொரை.

“ஏர் லோ” என்றார் அந்தோணி அண்ணன்.

பெரிய தொரை அரை ஆயுளை மலாயாவில் கழித்தவர். விளக்கம் கேட்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு வேலை நீக்கத் தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். சின்னத் தொரை காது சிவக்க நின்றார். அந்தோணி அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அண்ணனோடு வீட்டுக்குப் போனேன். ரோசம்மா அக்கா சட்டிபானையெல்லாம் துணியில் மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைக்கூடப் பேப்பரில் சுற்றியாகிவிட்டது. வேலை போகவில்லை என்று அண்ணன் சொன்னார். ஏன் போச்சு, ஏன் வந்துச்சு என்று அக்கா கேட்டார். அண்ணன் ஏர் என்றும் ஆயெர் என்றும் விளக்கினார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எழுதுனவரு தமிழாளு. படிச்சவரு தமிழாளு. தண்ணின்னு எழுதினா கை சுட்டுருமா?”

“சரி, மூட்டையைப் பிரி” என்றார் அண்ணன்.

“கட்டுனது கட்டுனபடி கெடக்கட்டும். இன்னைக்கு ஏரு, நாளைக்கு வேற எதாச்சும் வரும். ஒவ்வொரு தடவையும் நான் கட்டிப் பிரிச்சிக்கிட்டு இருக்க முடியாது.”

அவர் வாய் முகூர்த்தம். அலுவலகத்திலிருந்து புது விதி வந்தது. இனிமேல் பலகையில் இங்கிலீஷ் மட்டும். அடுத்த முறை ஓடை இறங்கியபோது சின்னத் தொரை எழுதியது ‘வாட்டர் லோ’. இஞ்சினைக் குளிர்விக்கும் தொட்டியிலும் வாட்டர்தான் இருக்கிறது. அந்தோணி அண்ணன் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு தொட்டிவரை போய்விட்டு, நல்ல வேளை, நின்றார். என்னிடம் வந்தார்.

“தம்பி, இது எந்த வாட்டரு?”

அன்று இஞ்சினைச் சூடாக்கி ஏற்றுவதற்குள் விளக்கு இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தது. தப்பித்தோம். அக்கா சொன்னபடி தமிழில் எழுதினாலும் விடியாது. பத்தடியில் கள்ளுக்கடை இருக்கும் தோட்டத்தில் ‘தண்ணி குறைவு’ என்று எழுதிப் பாருங்கள், என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று.

நான் சின்னத் தொரையின் முன்னால் போய் நின்றேன். அவரிடம் அதுவரை இங்கிலீஷில்தான் பேசியிருக்கிறேன். அன்று எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.

“தொரை, ஓடையில எவ்ளோ இருக்குன்னு போர்டுக்குத் தெரிய வேணாம். ஆளு என்ன செய்யணும்னு எழுதுங்க. அத எழுதாம வேற எத எழுதினாலும் எந்த பாஷையில எழுதினாலும் இப்படித்தான் ஆவும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நோட்டட்” என்றார். நோட்டட். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்த உதையில் மிதியே வளைந்துவிட்டது.

போன வாரம் உங்கள் திரையிலும் அதையேதான் பார்த்தேன். சிவப்பில் ஒரு சொல், பக்கத்தில் லோ. அதைப் பார்த்து யார் எழுந்து எந்தக் கைப்பிடியைத் தொட வேண்டும் என்று தேநீர் வந்த நேரத்தில் கேட்டேன். மூன்று பேர் மூன்று பதில் சொன்னீர்கள். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய திரை எங்கள் கரும்பலகையைவிட ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. இயந்திரத்தை வளைந்துகொடுக்கப் பழக்குகிறீர்கள், நல்லது. சேதி சொல்கிறவனையும் கொஞ்சம் வளையச் சொல்லுங்கள்.

சின்னத் தொரை வளைந்தாரா என்றால், சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பகல், வெயில் கொளுத்துகிறது, நான் பவர் ஹவுஸுக்குள் நுழைகிறேன். இஞ்சின் சூடாகிப் பளுவை ஏற்றிக்கொண்டிருந்தது. டர்பைன் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. விளக்கில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. பாக்டரியில் யாருக்கும் எதுவும் தெரியாது. இவ்வளவு நாள் இதற்காகத்தான் தொண்டை கிழியக் கத்தினோம். பலகையைப் பார்த்தேன். தமிழ். கோணல்மாணலாக, பல வருடம் தமிழ் எழுதாத கை.

‘அந்தோணி அண்ணே, இஞ்சினை ஒட்டுங்க.’

தொரை இல்லை, போய்விட்டிருந்தார். அந்தோணி அண்ணன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேல முடிஞ்சிருச்சேண்ணே. போர்ட அழிக்கலையா?”

“அழிக்கலாம். ரோசம்மா சோறு கொண்டாருவா. பாத்துட்டுப் போவட்டும்.”

அக்கா டிபன் கேரியரோடு வந்தார். பைபிள் வாசிக்கிற மாதிரி எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ‘அண்ணே’ என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு கடைசிச் சொல்லுக்கு வந்தது.

“ஓட்டுங்கன்னு எழுதத் தெரியாம ஒட்டுங்கன்னுல்ல எழுதியிருக்காரு. என்ன செஞ்சீங்க, பசை காச்சி ஒட்டுனீங்களா?”

“எனக்குப் புரிஞ்சிச்சு” என்றார் அண்ணன்.

“இத மொதல்லயே எழுதித் தொலைச்சிருந்தா, நான் இத்தனை சட்டிபானையக் கட்டியிருக்க வேணாம்ல.”

கேரியரைக் கீழே வைத்தார். பலகைக்கடியில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்து, ‘ஒ’வுக்குக் கீழே ஒரு சுழி போட்டு ‘ஓ’ ஆக்கினார். பிறகு வீட்டுக்குப் போய் மூட்டைகளைப் பிரித்தார்.